வாசகர் கேள்வி – பதில்: மலைப் பிள்ளைகள் கல்லைப் படித்தால் என்ன?

கேள்வி: ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊர் எங்களுடையது, மலையாளி பழங்குடியினர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், ஜியாலஜிதான் (நிலவியல்) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நர்சிங் படித்தால் வேலை நிச்சயம், கல்லைப் படித்து என்ன செய்வாய் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பெண் பிள்ளை காடு மேடு அலைய வேண்டுமே என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: படிக்க விடுங்கள் அம்மா. சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை இருக்கிறது. ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்திவிடாதீர்கள். யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அதில் தேறினால் 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலோ (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ வேலை, ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். அவளுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது, 32 வயது வரம்பில் எஸ்.டி. பிரிவுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், எஸ்.டி. சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரித்துத்தான் தருவார், சேர்க்கை நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

காடு மேடு என்கிறீர்கள். காப்பித் தோட்டச் சரிவில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்கா அந்தப் பயம்? களப்பணிக்கு ஆசிரியர்களோடு கூட்டமாகத்தான் போவார்கள். சித்திரையில் எந்தச் சுனை வற்றும், எது வற்றாது என்று உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற கெட்டியான பாறைக்குள் தண்ணீர் புகாது, மேலே மட்கிக் கிடக்கும் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நிற்கும், வெடிப்பு ஆழமாக எங்கெங்கோ இருந்து நீரை இழுத்து வருகிற இடத்தில் சுனை கோடையிலும் ஊறும். இந்த வெடிப்புகளைத் தேடி வரைபடம் போடுவதுதான் நிலத்தடி நீர் ஆய்வாளரின் முக்கியமான வேலை, போர் போட்டு வீணாகும் பணத்தை மிச்சம் பிடிக்கிற வேலை. அதில் பாதியை உங்கள் மகள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு போகிறாள். அமெரிக்காவில் மொன்டானாவில் பழங்குடியினரே நடத்தும் சாலிஷ் கூட்டெனாய் கல்லூரியில் நீரியலுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. நம் மலையிலும் அப்படி ஒன்று வரவேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டி லாரி லாரியாக இறக்கிப் போனார்கள், எங்களுக்கு மிச்சமானது குழிகள். அந்தத் தொழிலுக்கே எங்கள் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறீர்களா?
– ஒரு பெரியவர், சேர்வராயன் மலை

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது, அதனால்தான் அனுப்பச் சொல்கிறேன். உச்சியில் பாறை மழையில் ஊறி, சிலிக்கா கரைந்து வெளியேற, அலுமினியம் தங்கித்தான் பாக்சைட் ஆனது. அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்திருக்கும், வெட்ட சில ஆண்டுகள் போதும். சுரங்கத் திட்டம் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் வரும்போது எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், மேல்மண்ணை எங்கே கொட்டுவார்கள், கீழே இருக்கிற ஓடை என்ன ஆகும் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய ஆள் உங்கள் ஊர்க் கூட்டத்தில் வேண்டாமா? வெளியிலிருந்து வரும் நிபுணர் சொல்வதையே இத்தனை நாள் நம்ப வேண்டியிருந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைபடும்போதும் இதே கதைதான்.

கேள்வி: மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் நான். பிள்ளைகளுக்கு எப்படி ஆர்வம் ஊட்டுவது?

பதில்: சார்ட் ஒட்டாதீர்கள் சார், கீழே கூட்டிப் போங்கள். கஞ்சமலை அடிவார ஓடையில் கறுப்பு மணலுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் காட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது மணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் நீங்கள் பேசவே வேண்டாம், அவர்களே கேள்வி கேட்பார்கள். மேக்னசைட் என்கிற சேலத்து வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் பொடித்து வினிகர் விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மேக்னசைட் பெரும்பாலும் சும்மா கிடக்கும். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கிற செங்கல் இந்த வெள்ளைக்கல்லில்தான் செய்கிறார்கள் என்று அங்கேயே சொல்லுங்கள்.

அப்புறம், இதையெல்லாம் பத்தாம் வகுப்புக்குள் செய்துவிடுங்கள். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளைக்கு ஜியாலஜியில் சேருவது கஷ்டம், மலையில் நிறையப் பேருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிகிறது.