மெட்டீரியல் வாங்காதீர்கள் தம்பி, முதலில் ஃபைலைக் கவனியுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் முடித்துவிட்டு மனைவியோடு கனடாவின் ஆல்பர்டா மாகாணத்தில் உள்ள கால்கரிக்கு இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறீர்கள். அதற்குள் உளவியலாளராகப் பதிவு பெற எழுதுகிற இபிபிபி (EPPP) தேர்வுக்கு எந்த மெட்டீரியல் வாங்கலாம், ஆறு மாதத்தில் முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர், கார். அதையெல்லாம் சொல்ல இந்த ஊரில் வேண்டிய அளவு ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காமலே சொல்வார்கள். நான் தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. வந்து இறங்கியவர்களின் தலையில் பழைய புத்தகக் கட்டை ஆயிரம் டாலருக்குக் கட்டப் பார்க்கிறவர்கள் மேல்.

இப்போதைக்கு ஒரு புத்தகமும் வாங்காதீர்கள். இது நாமே பணம் கட்டி, நாமே தேதி குறித்துப் போய் உட்கார்கிற தேர்வு இல்லை. உங்கள் மாகாணத்தின் உளவியலாளர் வாரியம் முதலில் உங்கள் படிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் தேர்வுக்கு அனுமதி. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் முனைவர் பட்டம் கேட்கும். இங்கே ஆல்பர்டாவிலும் சஸ்காச்சுவானிலும் முதுகலை அளவே போதும், மற்ற மாகாணங்களில் விதி இடத்துக்கு இடம் மாறும். கியூபெக் இந்தத் தேர்வையே கேட்பதில்லை, ஆனால் முனைவர் பட்டம் கேட்கும், பிரெஞ்சும் வேண்டும். "டொராண்டோவில் நம் ஆட்கள் அதிகம், அங்கே போய்விடலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்களைப் பார்த்து மாகாணம் மாறாதீர்கள். விதியைப் பார்த்து மாறுங்கள். அந்தந்த வாரியத்தின் இணையதளத்திலேயே எல்லாம் இருக்கிறது.

ஆல்பர்டாவில் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து விட்டுவிட மாட்டார்கள். புள்ளியியல், ஆய்வு முறை, உளவியல் அளவீடு, தொழில் அறம், அப்புறம் நடத்தையின் உயிரியல், அறிதல், சமூக அடிப்படைகள் என்று ஒவ்வொன்றையும் எந்தப் பாடத்தில் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, விரிவான பாடத்திட்டம் வேண்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இங்கேதான். நான் படித்த பல்கலைக்கழகத்தில் என் வருடத்துப் பாடத்திட்டம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லவே ஆள் இல்லை. என் தம்பி ஒருத்தன் லீவு போட்டுவிட்டுப் போய், பிரிவு பிரிவாக நின்று, "கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பதைக் கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தான். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை வைத்து நேரடியாக அனுப்புங்கள் என்றால், ஏதோ சொத்தில் பங்கு கேட்ட மாதிரி பார்த்தார்களாம். தேர்வுக்குப் படித்த நாட்களைவிட அந்த உறைக்காகக் காத்திருந்த நாட்கள்தான் என்னை அதிகம் வாட்டின.

இந்தச் சமயத்தில் இரண்டு வகை ஆட்களிடம் மாட்டுவீர்கள். ஒரு வகை, "அதெல்லாம் நடக்கிற காரியமா, ஆறு மாத கோர்ஸ் படித்துவிட்டு ஐடியில் நுழைந்துவிடு" என்பார்கள். அவர்களில் பாதிப் பேர் ஊரில் எதைப் படித்தோம் என்பதையே மறந்து போனவர்கள், பாவம். இன்னொரு வகைதான் ஆபத்து. பதிவு இல்லாமலே கார்டில் 'சைக்காலஜிஸ்ட்' என்று அச்சடித்துக்கொண்டு, சங்க விழாக்களில் மேடையேறி மன அழுத்தம் பற்றிப் பேசுகிறவர்கள். அந்தப் பட்டப்பெயர் இங்கே சட்டப் பாதுகாப்பு உள்ளது. பதிவு இல்லாதவர் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது யாராவது உங்களை அப்படி அறிமுகப்படுத்தினால், மைக் கையில் கிடைத்ததும் திருத்துங்கள். கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். மொத்தம் 225 கேள்விகள், 4 மணி 15 நிமிடம், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் 175-க்குத்தான் மதிப்பெண். மீதி 50 அவர்கள் சோதித்துப் பார்க்கப் போடுகிறவை, எவை என்று நமக்குத் தெரியாது. அதனால் கேள்விப்பட்டே இராத ஒன்று வந்தால் பதறாமல் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள், தப்புக்குக் கழிவு இல்லை. 200-இலிருந்து 800 வரை உள்ள அளவுகோலில் 500 வாங்க வேண்டும். கட்டணம் 600 அமெரிக்க டாலர், மையத்துக்குத் தனியாக. கனடாவில் எழுதினாலும் அமெரிக்க டாலர்தான், அதைச் சொல்லவும் ஆள் இல்லை எனக்கு. இந்தத் தேர்வுக்கு இரண்டாம் பகுதி என்று திறனைச் சோதிக்கிற இன்னொரு தேர்வு இருக்கிறது, அதுவும் கட்டாயமாகிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். எல்லா இடத்திலும் 2026 முதல் கட்டாயம் என்ற அந்தத் திட்டத்தை 2024-லேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் புள்ளியியலைக் கண்டு நடுங்கி மாதக்கணக்கில் அதிலேயே கிடப்பார்கள். ஆய்வு முறையும் புள்ளியியலும் சேர்ந்தே 7 சதவீதம்தான். மதிப்பீடும் நோயறிதலும் 16, அறமும் சட்டமும் 16. நேரத்தை அங்கே போடுங்கள்.

நோயறிதலில் நமக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. நாம் வார்டில் பழகியது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி, தேர்வு கேட்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம். ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, அதாவது மனச்சிதைவு நோய்க்கு, ஐசிடியில் ஒரு மாத அறிகுறிகள் போதும். டிஎஸ்எம்மில் ஆறு மாதம் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் என்றால் அது ஸ்கிசோஃப்ரினிஃபார்ம். வெளிநோயாளிப் பிரிவில் தினமும் பார்த்தோமே, உடம்பில் காரணம் இல்லாத வலிப்பு, கை கால் விளங்காமல் போவது. ஐசிடி-10 அதை டிசோசியேட்டிவ், அதாவது நினைவும் உணர்வும் உடல் கட்டுப்பாடும் தொடர்பறுந்து போகிற கோளாறுகளின் பிரிவில் வைத்திருக்கிறது. டிஎஸ்எம் அதை உடல் அறிகுறிக் கோளாறுகளோடு சேர்க்கிறது. நன்றாக வேலை தெரிந்தவர்கள்தான் இதில் விழுவார்கள், ஏனென்றால் யோசிக்காமலே கை போய்ப் பழைய விடையைக் குறித்துவிடும்.

அறக் கேள்விகள் இன்னும் மோசம். வயது வந்த மகனை அழைத்து வந்த அப்பா, "பையன் உங்களிடம் என்ன சொன்னான்" என்று தனியாகக் கேட்கிறார். ஊரில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருப்போம், சொல்லாவிட்டால் அடுத்த வாரம் பையன் வரவே மாட்டான். இங்கே மகனின் சம்மதம் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வியில் 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று இருக்கிறதா, 'சிறந்தது எது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு விடைகளுமே நல்ல காரியமாக இருக்கும். முதல் அடி எது என்பதில்தான் பிடி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறநெறியையும் கனடிய உளவியல் சங்கத்தின் நெறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கனடிய நெறியில் நான்கு கொள்கைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றோடொன்று மோதினால் பொதுவாக முன்னால் இருப்பதற்கு எடை அதிகம். அந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் குழப்பம் குறையும்.

தேர்வை நடத்தும் கூட்டமைப்பே மாதிரித் தேர்வுகள் விற்கிறது. அனுமதி வந்த பிறகு முதல் செலவு அதற்காக இருக்கட்டும். ஆறு மாதம் போதுமா என்பது நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள் சேர்ந்து தங்கும் குழு இல்லம் ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்தேன். என்னோடு சேர்ந்து படித்தவர் ஈரானிலிருந்து வந்த பெண், அங்கே பதினைந்து வருடம் மருத்துவமனையில் இருந்தவர். நாங்கள் பாடம் படித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். தப்பான ஒவ்வொரு விடைக்கும் அது ஏன் தப்பு என்று ஒருவர் வாதாட வேண்டும், மற்றவர் எதிர்க்க வேண்டும். அவருக்கும் எனக்கும் ஒரே இடத்தில்தான் விடை தப்பும்: குடும்பம் என்று வந்தால். இருவரும் சேர்ந்து வெள்ளைக்காரர்களைத் திட்டிவிட்டு அவர்கள் விடையைக் குறிப்போம். நூலகத்தில் எங்களை அடக்கிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இப்போது எட்மன்டனில் தனியாக கிளினிக் வைத்திருக்கிறார், இன்னும் அந்த விடைகளை ஒப்புக்கொள்ளவில்லை.

குளிருக்கு நல்ல ஷூ வாங்குங்கள், மற்றது தானாகப் பழகும். இந்த வாரமே வாரியத்தின் விண்ணப்பத்தைத் திறந்து, பாடத்திட்டத்துக்கு ஊரில் யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்யுங்கள். பரீட்சை நடக்கிற மாதத்தில் மட்டும் அனுப்பாதீர்கள், அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலியிலும் ஆள் இருக்காது.