விளையாட்டுப் பேருந்தில் ‘செங்கோட்டை – கொல்லம்’

கேள்வி: யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற கணினி விளையாட்டில் பேருந்து மாட் (விளையாட்டில் கூடுதலாகச் சேர்க்கும் கோப்புத் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்து ஓட்டி வருகிறேன். அதன் வண்ணத்தை மாற்றி, முகப்பில் ‘செங்கோட்டை – கொல்லம்’ என்று தமிழில் எழுத விரும்புகிறேன். உள்ளே டிடிஎஸ் (.dds) என்று முடியும் கோப்புகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், புளியரை

பதில்: நீங்கள் மாற்ற விரும்பும் வண்ணமும் எழுத்தும் அந்த டிடிஎஸ் கோப்புகளில்தான் இருக்கின்றன. பேருந்தின் வடிவம் வேறொரு கோப்பில் இருக்கும். அதன்மேல் போர்த்தப்படும் படமே டெக்ஸ்சர். திறந்து பார்த்தால், தையற்காரர் தைப்பதற்குமுன் வெட்டிப் பரப்பி வைத்த சட்டைத் துணியைப் போல, கூரை ஒரு மூலையிலும் கதவு இன்னொரு மூலையிலும் கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் இன்றைய பதிப்பு இந்தக் கோப்புகளை நேரடியாகத் திறக்கும்.

மூலக் கோப்பைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்துவிட்டு, முதல் நாளில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள். ஏதேனும் ஒரு பகுதியில் அடர் சிவப்பைப் பூசி, அதே பெயரில், அதே அளவில், அதே சுருக்க முறையில் ஏற்றுமதி செய்யுங்கள். மாற்றிய அந்தக் கோப்பை மட்டும், மூல மாட்டில் இருந்த அதே கோப்புறை வரிசையில் வைத்துத் தனி மாட் ஆக்கி, விளையாட்டின் மாட் மேலாளரில் பேருந்து மாட்டுக்கு மேலே நிறுத்துங்கள். வண்டியின் எந்த இடம் சிவக்கிறது என்று பார்த்துவிட்டால், படத்தில் எது எங்கே இருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

சுருக்க முறையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2048×2048 அளவுள்ள படம், ஒளிபுகு சேனலுடன் (எந்த இடம் எவ்வளவு ஒளி புகும் என்று குறிக்கும் பகுதி) சுருக்காமல் இருந்தால் 16 எம்பி இடம் பிடிக்கும். டிஎக்ஸ்டி5 முறையில் 4 எம்பி, அந்தச் சேனல் தேவைப்படாத டிஎக்ஸ்டி1 முறையில் 2 எம்பி போதும். ஏற்றுமதியின்போது மிப்மேப் உருவாக்கும் தேர்வையும் மறக்கக் கூடாது. தொலைவில் வரும் வண்டிக்குப் பயன்படும் சிறிய நகல்கள் அவை. நான் முதன்முதலில் அதை விட்டுவிட்டதால், பக்கவாட்டில் வரைந்த மெல்லிய கோடுகளெல்லாம் தூரத்தில் மினுமினுத்துக் கண்ணை உறுத்தின.

இனிப் பலகை. ‘செங்கோட்டை’, ‘கொல்லம்’ இரண்டிலுமே கொம்பு வருகிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துப் பொறியை ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ என்று மாற்றாமல் தட்டச்சு செய்தால், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். ஊர்ப் பெயரைச் சிதைத்து எழுதுவதைவிட எழுதாமலே இருக்கலாம். கிம்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆரியங்காவைத் தாண்டிப் போகும் வண்டி என்பதால் மலையாளத்திலும் எழுதுங்கள்; அங்கும் கொம்பைக் கவனியுங்கள். வண்டியின் இரு பக்கங்களும் படத்தின் ஒரே பகுதியைப் பயன்படுத்தினால் ஒரு பக்கத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு நிற்கும். வடிவக் கோப்பைத் திருத்தாமல் அது சரியாகாது. ஆகவே எழுத்தை முகப்போடும் பின்புறத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால், மாட்டை உருவாக்கியவரின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.

கேள்வி: ஊதா கலந்த நீல நிறத்தில் இருந்த ஒரு படத்துக்கும் பச்சை பூசினேன். வண்டி பச்சையாகவில்லை, தகடு நசுங்கியதுபோல் தெரிகிறது. ஏன்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: அது நார்மல் மேப். அதில் இருப்பது நிறமல்ல. பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை விளையாட்டுக்குச் சொல்லும் எண்கள். நீங்கள் பச்சை பூசியதும் ஒளி படும் கோணம் மாறி, சமமான தகடு சாய்ந்ததாகக் காட்டப்படுகிறது. மூலக் கோப்பை மீண்டும் வைத்துவிடுங்கள். ஓரிடத்தைச் சமமாக்க வேண்டுமென்றால், வழக்கமான நார்மல் மேப்பில் சிவப்பு 128, பச்சை 128, நீலம் 255 என்ற அளவில் நிரப்பினால் போதும்.