மூன்றாவது சொல்

கேள்வி: ஆங்கிலத்தில் ஜி-ஆர்-ஒய் என்ற எழுத்துகளில் முடியும் சொற்கள் மூன்றே மூன்றுதானாம். 'ஆங்ரி', 'ஹங்ரி' தெரிகிறது. மூன்றாவது எது? நண்பருடன் பிரியாணிப் பந்தயம் கட்டியிருக்கிறேன். அகராதியைப் புரட்டிச் சொல்லவும்.
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பிரியாணிக்கு என்னிடம் வழி கேட்கிறீர்களே!

பந்தயம் கட்டுமுன் கேள்வியைக் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்கலாம். 1975லேயே நியூயார்க் வானொலியில் வந்துவிட்ட புதிர் இது. அப்போதிருந்து அகராதிக்காரர்களுக்குத் தீராத தலைவலி. இதற்கு ஒரு குறும்பு வடிவமும் உண்டு. 'த இங்கிலீஷ் லாங்வேஜில் மூன்று சொற்கள், மூன்றாவது எது?' என்று கேட்டுவிட்டு, 'லாங்வேஜ்' என்று விடை சொல்வார்கள். தமிழில் எத்தனை எழுத்து என்று கேட்டு, 247 என்றவரிடம் 'த, மி, ழ் – மூன்றுதான்' என்று பல்லைக் காட்டும் பையன்களின் ஜாதி. அதிலாவது ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. உங்களிடம் வந்திருப்பதில் அதுவும் இல்லை.

மூன்றே மூன்று என்பதே பொய். பழைய அகராதிகளின் பரணைக் குடைந்தால் வேண்டிய மட்டும் விழும். 'அக்ரி' என்பது மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா பக்கம், மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பழங்காலக் கண்ணாடி மணி. 'இக்ரி' எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அரபியிலிருந்து பிடித்துக்கொண்ட கொச்சை. 'ஓடு, சீக்கிரம்' என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'கோரியலேனஸ்' நாடகத்தில் பசித்த கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது 'அன்ஹங்ரி' வருகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் உங்கள் நண்பர் சண்டைக்கு வருவார்.

எனக்குப் பிடித்தது 'கிரை'. வெறும் மூன்றெழுத்து, முடிவே முழுச் சொல். தத்துவவாதி ஜான் லாக் 1690-இல் அச்சான தம் நூலில் இதை ஓர் அளவையாகத் தருகிறார். அடிக்குப் பத்து அங்குலம், அங்குலத்துக்குப் பத்துக் கோடு, கோட்டில் பத்தில் ஒன்று கிரை. பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரைக் கொண்டுவருவதற்கு நூறு வருடம் முன்பே மனிதர் எல்லாவற்றையும் பத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறார்! ஊர் கேட்கவில்லை, கிரையும் செத்தது.

இன்னொன்று நம் நாட்டுச் சரக்கு: 'பக்ரி'. இந்துஸ்தானியில் பகடி என்கிற தலைப்பாகைதான். வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் தொப்பியைச் சுற்றி மெல்லிய துணியைக் கட்டி, பிடரி மறையத் தொங்கவிட்டு, அதற்கும் இதே பெயரை வைத்தார்கள். ஆஸ்திரேலிய ராணுவத் தொப்பியில் அந்தத் துணிப்பட்டை இன்றும் இருக்கிறது. எப்படி எழுதுவது என்பதில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒருவர் இரண்டு 'ஈ' போட்டு முடிப்பார், இன்னொருவர் நடுவில் ஓர் 'ஏ' செருகுவார், மூன்றாமவர் 'ஒய்' போடுவார். மூன்றாமவர் எழுதினால் அது உங்கள் புதிருக்கு விடை. முதல்வர் எழுதினால் இல்லை. ஒரு குமாஸ்தாவின் பேனா எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் போய் நிற்கிறது உங்கள் பிரியாணி.

புதிரின் அடிப்படைக் கோளாறே இதுதான். ஜி-ஆர்-ஒய் என்று ஆங்கிலத்தில் ஒரு விகுதி கிடையாது. 'ஹங்கர்', 'ஆங்கர்' இரண்டும் தனித்தனி வேர். பின்னால் ஒரு 'ஒய்' சேர்ந்தபோது நடுவிலிருந்த 'ஈ' உதிர்ந்தது, அவ்வளவே. பால்காரி, பூக்காரி என்றால் அந்தக் 'காரி'க்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஏரி, மாரி, லாரி மூன்றும் 'ரி'யில் முடிகின்றன என்று சம்பந்தம் பேசப் போவீர்களா?

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். பரணில் கிடக்கும் எதையும் உங்கள் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் 'ஹாங்ரி' என்று சொல்லுங்கள். பசியில் வரும் எரிச்சல். உங்கள் இரண்டு சொற்களையும் ஒட்டவைத்துச் செய்தது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டுவிட்டது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நாம் சொல்வதில் பதினொன்றாவதாகப் பொறுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர் அப்போதும் மசியாமல் மணி மூன்றாகிவிட்டால், அந்தச் சொல்லுக்கு உதாரணமாக நீங்களே அவர் முன்னால் போய் நிற்கலாம்.