நிபுணர் தூரத்தில், குழந்தை கையில்

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம். இதயத்தில் பெரிய ஓட்டை, கொஞ்சம் எடை கூடட்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். நீர் பிரிய சொட்டு மருந்து கொடுக்கிறோம். குழந்தைகள் இதய நிபுணரிடம் போக ஒரு பகல் முழுக்க ஆகும். பக்கத்தில் இருப்பது பொது மருத்துவர் மட்டும்தான். எப்போது கிளம்புவது, எப்போது பொறுத்துப் பார்ப்பது என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறேன்.

பதில்: அந்த முடிவை நீங்கள் நடுராத்திரியில் தனியாக எடுக்கும்படி விட்டிருக்கக் கூடாது. நிபுணரிடம் அடுத்த முறை பேசும்போது, “மூச்சு எத்தனைக்கு மேல் போனால் நான் கிளம்ப வேண்டும்? பால் எவ்வளவு குறைந்தால் போன் செய்ய வேண்டும்?” என்று நேராகக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பொதுவாக இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு என்பார்கள். ஆனால் இதய நோய் உள்ள பிள்ளைக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு வேகமாக இருக்கலாம், அதனால் உங்கள் மகளுக்கென்று ஒரு எண் வேண்டும்.

எண்ணுவதும் ஒரு பழக்கம்தான். அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு விட்டு விட்டுத்தான் வரும். சந்தேகமாக இருந்தால் அதையே வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்புங்கள், நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, நடுவில் களைத்து விட்டுவிடுகிறாளா, அரைமணி தாண்டியும் முடிக்கவில்லையா என்று குறித்து வையுங்கள். எடையை ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். ஒரே நாளில் சட்டென்று கூடினால் சந்தோஷப்பட வேண்டாம், அது உடம்பில் தேங்கிய நீராக இருக்கலாம். மருந்தை ஸ்பூனில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பாட்டில் மாறினால் வீரியமும் மாறியிருக்கலாம், அதே அளவு மில்லியே இரட்டை மருந்தாகிவிடும், லேபிளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் கேட்காமல் மறுபடி கொடுக்க வேண்டாம். பேதியோ வாந்தியோ தொடர்ந்தால் அன்றே போன் செய்யுங்கள், நீர் பிரியும் மருந்தோடு அது சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும்.

உதடோ நாக்கோ நீலமாவது, மூச்சுக்கு மூச்சு முனகுவது, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்கவே முடியாமல் போவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வலிப்பு: இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆனால் நேராக அந்த ஒரு பகல் பயணத்தைத் தொடங்கிவிடவும் வேண்டாம். “பொது மருத்துவர் மட்டும்தான்” என்கிறீர்களே, முதலில் போக வேண்டியது அவரிடம்தான். அவர் குழந்தையை நிலைப்படுத்தி, நிபுணரிடம் பேசி அனுப்பட்டும். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, மருந்துச் சீட்டு இரண்டின் நகலையும் இன்றைக்கே அவரிடம் கொடுத்து, இரண்டு டாக்டர்களின் எண்ணையும் ஒருவருக்கொருவர் சேர்த்துவிடுங்கள். மூச்சு திணறும் நேரத்தில் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ராத்திரி முறை வைத்துத் தூங்குங்கள். எண்ணுவதற்கு வீட்டில் இன்னொருவரையும் பழக்குங்கள்.

கேள்வி: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், பெரியவர்களுக்கான விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது, ஐந்து மாதக் குழந்தைக்கு மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த விரலுக்கு அது பொருந்தாது, காட்டும் எண்ணை நம்ப முடியாது. குழந்தைகளுக்குப் பாதத்தில் சுற்றும் சென்சார் தனியாக இருக்கிறது, டாக்டர் சொன்னால் அதை வாங்குங்கள். எதை மாட்டினாலும் சரி, எண் நன்றாக இருந்து குழந்தை மூச்சுக்குத் தவித்தால் குழந்தையைத்தான் நம்ப வேண்டும்.