பக்கத்தில் போனால் பேச்சு நிற்கிறது

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் டெய்லராக இருந்தேன். ஆறு மாதமாக லைன் சூப்பர்வைசர். மணிக்கு மணி புரொடக்‌ஷன் எழுதுகிறேன். டார்கெட்டும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆனாலும் முதலாளி, “கணக்கு நல்லா பாக்கறீங்க, ஆளுங்களை நடத்தத் தெரியல” என்கிறார். கூடத் தைத்த அக்காக்களோ, நான் பக்கத்தில் போனாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்ன தப்பு செய்கிறேன்?
– ஒரு வாசகி

பதில்: கணக்குப் பார்ப்பது ஒன்றும் கேவலமில்லை, சகோதரி. கட்டிங்கிலிருந்து வெட்டிய துணி பண்டல் வந்ததா, நூல் இருக்கிறதா, ஓவர்லாக் மெஷினில் யார் லீவு என்று ஒருவர் பார்த்தால்தான் சனிக்கிழமை சம்பளம். இதைக் கோட்டைவிட்டு, கெடு நெருங்கியதும் சரக்கை விமானத்தில் அனுப்பிக் கைநட்டப்பட்ட கதைகள் உங்கள் ஊரிலேயே ஏராளம்.

எனக்கு உறுத்தியது அக்காக்களைப் பற்றிய அந்த வரிதான். பேச்சு நின்றால் சேதியும் நின்றுவிடும். ஊசி மழுங்கித் துணியில் ஓட்டை விழுவது தைக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வாய் திறக்காவிட்டால் செக்கிங் டேபிளில் தெரியும். அதற்குள் நாலு பண்டல் போயிருக்கும். உங்கள் நோட்டில் ஏறுவதெல்லாம் முடிந்துபோன மணி நேரம்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. ஓயாத சண்டை, வேலைக்கு மட்டம். 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு சேர்ந்து அதே ஆலையைத் திறந்தபோது எடுத்தது பெரும்பாலும் அதே ஆட்களை; தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் லைன் ஓரமாக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கோளாறு கண்டவர் இழுத்தால் டீம் லீடர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் லைனே நிற்கும். முன்பு லைனை நிறுத்துவது மகா குற்றம். கயிறு வந்த பிறகு மட்டம் போடுவது குறைந்தது, தரம் ஏறியது. ஆட்களை மாற்றாமலே!

உங்கள் லைனில் அந்தக் கயிறு உங்கள் முகம்தான். “ஊசி சரியில்லை” என்று ஒருவர் சொன்னதும் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்களா, “டார்கெட் என்னாகிறது” என்கிறீர்களா? பீஸ் குறைந்தால் நாலு பேர் முன்னால் கேட்கிறீர்களா? மேனேஜர் சத்தம் போட்டால் ஆளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குகிறீர்களா? இதற்கெல்லாம் பதில் உங்களுக்கே தெரியும். அக்காக்களுக்கும் தெரியும்.

நாளைக்கு எந்த மெஷினில் வேலை தேங்குகிறதோ, அங்கே உட்கார்ந்து பத்து பீஸ் தைத்துக் கொடுங்கள். பன்னிரண்டு வருடத் தொழில், கை மறந்திருக்காது. போகும்போது நோட்டை மட்டும் டேபிளிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.