மார்த்தாண்டத்தில் கல்யாணம் என்றால் கன்னியாகுமரியில் அறை வேண்டாம்

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். உடன் வேலை பார்ப்பவரின் திருமணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்த்தாண்டத்தில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் 10.30 – 11.30. நான், மனைவி, 6 வயது மகன், மூட்டுவலி உள்ள என் அம்மா (68). வெள்ளி கிளம்பி திங்கள் காலை திரும்பிவிட வேண்டும். அப்படியே கன்னியாகுமரியும் பத்மநாபபுரம் அரண்மனையும் பார்க்கலாமா? கன்னியாகுமரியில் இரண்டு நாள் அறை போட்டால் சரியாக இருக்குமா?

பதில்: எல்லாம் பார்க்கலாம். அறையை மட்டும் கன்னியாகுமரியில் போடாதீர்கள். மார்த்தாண்டம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரி ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் சின்ன தூரம்தான். சாலையோ வளைந்து வளைந்து, இரண்டு பக்கமும் வீடும் கடையுமாக, ஓர் ஊர் முடியும் முன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரையுள்ள 30 கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முகூர்த்தத்தன்று காலையில், பட்டுப்புடவையும் குழந்தையுமாக இந்தப் பாதை முழுவதும் வந்து தாலி கட்டைப் பிடிப்பது நடக்காத காரியம்.

ஆகவே கிழக்கே தொடங்கி மேற்கே முடியுங்கள். கன்னியாகுமரியில் இறங்கி, சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை வழியாகச் சனி மாலை மார்த்தாண்டம் சேர்ந்துவிட வேண்டும். ஊர் திரும்புவது அங்கிருந்தே. காரில் வந்த வழியில் மறுபடி ஒரு கிலோமீட்டர்கூடப் போகத் தேவையில்லை.

போவதற்கு எழும்பூரிலிருந்து வெள்ளி மாலை கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் சரி. 5 மணியை ஒட்டிய புறப்பாடு என்பதால் அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரவுதான் கிளம்பும், லீவு மிச்சம். ஆனால் சனிக்கிழமை காலை பாதி அதிலேயே கரைந்துவிடும். வந்தே பாரத் காலையில் புறப்பட்டுப் பிற்பகலில்தான் நாகர்கோவில் சேரும். உங்கள் திட்டத்துக்கு அது ஒத்துவராது.

திரும்புவதற்கு அதே அனந்தபுரியைப் பிடியுங்கள். கொல்லத்திலிருந்து வரும் அந்த வண்டி ஞாயிறு மாலை குழித்துறையில் நிற்கும். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் அதுதான், ஆட்டோவிலேயே போய்விடலாம். நாகர்கோவில் ஜங்ஷன் வரை போய் ஏறுவோம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேரளத்திலிருந்து வரும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் போகாமல் நாகர்கோவில் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போகும். ஜங்ஷனில் காத்திருந்து வண்டியைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. கிளம்பும் நேரம், இறங்கும் இடம் எழும்பூரா தாம்பரமா என்பதை டிக்கெட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வெள்ளிக்கிழமை டிக்கெட் திறந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஞாயிறு டிக்கெட் திறக்கும். போகும் டிக்கெட் கிடைத்த நிம்மதியில் அதை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிற தப்பு. ஞாயிறு இரவு சென்னை வண்டிகள்தான் முதலில் நிரம்பும். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை உறுதியாக வேண்டுமென்றால் அவர் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60க்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். நான்கு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் கிடைக்காது. பெட்டி மாறி விழ வாய்ப்பு உண்டு என்பதால் முதலில் அம்மா டிக்கெட்டை எடுத்துவிட்டு, மற்ற மூவருக்கும் அதே பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். மகனுக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் அரைக் கட்டணம். 6 வயதுப் பிள்ளையை இரவு முழுக்க மடியில் வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சனிக்கிழமைக்குக் கன்னியாகுமரியில் ஒரு காரைப் பேசிவிடுங்கள். இங்கேதான் பேச்சில் சிக்கல் வரும். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேக்கேஜ் சொல்வார்கள். உங்கள் பாதை ஒரு வழிக்கே 50க்கு மேல். வண்டி காலியாகத் திரும்பும் தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் 100ஐத் தாண்டிவிடும். "காலையில் கன்னியாகுமரியில் ஏற்றி, மாலையில் மார்த்தாண்டத்தில் இறக்கிவிட்டால் மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே தொகையாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டிகள் காரிலேயே கிடக்கட்டும். ரயிலிலிருந்து இறங்கியதும் குளிக்கச் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தரும் லாட்ஜ்கள் கன்னியாகுமரியில் உண்டு. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேட்காமல் சாவியை வாங்காதீர்கள். காலை 6 மணிக்கு உள்ளே போனவரிடம் 12 மணிக் கணக்கில் இரண்டு நாள் வாடகை கேட்கும் இடங்களும் இருக்கின்றன.

விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை 8 மணிக்குத் தொடங்கும். சனிக்கிழமை என்பதால் 7 மணிக்கே வரிசையில் நிற்பது நல்லது. கார்த்திகை, மார்கழி என்றால் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கடல்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். இப்போது பாறையிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் ஆடும் படகில் கால் மாற்றி ஏறுவதும், பாறையில் படி ஏறுவதும் மூட்டுவலிக்கு ஆகாது. மனைவியும் மகனும் நீங்களும் போய்வாருங்கள். அம்மா பகவதி அம்மனைத் தரிசித்துவிட்டு நிழலில் உட்காரட்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். 10 மணி வரை ஓடவில்லை என்றால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், அடுத்ததெல்லாம் கெட்டுப்போகும்.

சுசீந்திரம் கோயிலுக்கு 11 மணிக்குள் போய்விட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். குமரி மாவட்டத்துப் பெரிய கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக முடியும். ஆகவே வேட்டியும் ஒரு துண்டும் பெட்டிக்கு அடியில் போகாமல் மேலாகவே இருக்கட்டும்.

நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டு 1 மணிக்குக் கிளம்பினால், மதிய இடைவேளை முடிந்து 2 மணிக்கு அரண்மனை திறக்கும்போது வாசலில் இருக்கலாம். பத்மநாபபுரம் தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை. அதனால் "கல்யாணம் முடிந்து திங்கள் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளவே கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகலும் செங்குத்துமானது. ஒரு திசையிலேயே ஆட்கள் நகர்வதால் பாதியில் திரும்புவது சங்கடம். அம்மா ஏற நினைத்தால் முதல் படியிலேயே யோசித்துக்கொள்ளட்டும். கீழ்த்தளத்துப் பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) மரவேலைப்பாடே அரை மணி நேரம் பார்க்கத் தகும்.

மார்த்தாண்டத்தில் நல்ல அறைகள் குறைவு. முகூர்த்த நாளில் அவற்றையும் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்திருப்பார்கள். அதனால் முதலில் நண்பரிடமே கேளுங்கள், அதுவும் ஒரு மாதத்துக்கு முன்பே. கடைசி வாரத்தில் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு அறை கேட்பது அவருக்குச் செய்கிற கொடுமை. கிடைக்காவிட்டால் தக்கலையில் தங்கலாம்; ஞாயிறு காலை 15 கிலோமீட்டர்தான்.

மண்டபம் எந்தப் பக்கம் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் பம்மத்திலிருந்து வெட்டுமணி வரை ஊருக்கு மேலாக மேம்பாலம் போகிறது. மண்டபம் நடு ஊரில் இருந்து, ஓட்டுநர் தெரியாமல் பாலத்தில் ஏறிவிட்டால், அந்தக் கடைசியில் இறங்கிக் கீழ்ச்சாலை நெரிசலில் திரும்பி வர வேண்டியதுதான். சாப்பாட்டுக்கூடம் கீழ்த்தளத்திலா, லிப்ட் உண்டா என்பதையும் அம்மாவுக்காக அதே போனில் கேளுங்கள்.

9.45க்கு மண்டபத்தில் இருங்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் பல வீடுகளில் சடங்கு சுருக்கம். 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பந்திக்கு நிற்கிற கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். தாலி கட்டியதும் பாதி மண்டபம் எழுந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடும். அவசரப்பட வேண்டாம். இரண்டாம் பந்தியிலும் அவியல், எரிசேரி, இஞ்சிக்கறி, புளிசேரி எல்லாம் வரும். காலையில் ஓர் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடைப் பிரதமனில் பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவதும், பால் பாயசத்தோடு போளி சாப்பிடுவதும் இங்கத்து முறை. பாயசம் வந்ததும் இலையை மடக்கிவிடாதீர்கள், மோருக்குச் சோறு இன்னும் இருக்கிறது. அன்பளிப்பாகப் பெரிய பொட்டலம் தூக்கிவர வேண்டாம். மொய்யோ சுருளோ, கவரில் பெயரும் ஊரும் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும்.

சாப்பிட்டு முடித்தால் ரயிலுக்குச் சில மணி நேரம் இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலமும் திற்பரப்பு அருவியும் பக்கம்தான் என்று எல்லாரும் ஆசை காட்டுவார்கள். தொட்டிப்பாலத்தின் மேல் நிழல் கிடையாது. அருவியில் ஞாயிறு கூட்டம். அறையை மாலை 4 மணி வரை நீட்டித்துக் கேட்டு, அம்மாவைப் படுக்கவிடுவதே மேல். அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் கடைத்தெருவுக்குப் போய் நேந்திரங்காய் சிப்ஸும் மார்த்தாண்டம் தேனும் வாங்கிவிடலாம். மட்டிப்பழம் வாங்கினால் தோலில் பச்சை மிச்சமிருக்கும் சீப்பாகப் பாருங்கள். நன்றாகப் பழுத்ததைப் பையில் திணித்தால் தாம்பரம் வருவதற்குள் கூழாகிவிடும்.