சீட்டைத் தள்ளி எடுத்து நாய்க்குட்டி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 71,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மாதம் 5,000 ரூபாய் சீட்டு, குடும்பச் செலவு எல்லாம் போக 6,500 ரூபாய் மிஞ்சும். ஒன்பது வயது மகள் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்கிறாள். அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். பூடில் கலந்த நாய்க்கு முடி கொட்டாது, அதனால் ஒவ்வாமையும் வராது என்கிறார்கள். பெங்களூரு பக்கம் ஒருவர் 45,000 ரூபாய்க்குக் காக்கபூ (காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) குட்டி தருகிறாராம், கே.சி.ஐ. எனும் இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழும் உண்டாம். 10,000 ரூபாய் முன்பணம் யுபிஐயில் அனுப்பினால் காட்பாடிக்கே காரில் கொண்டுவந்து கொடுப்பாராம். எங்கள் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் 20 மாதத்தில் 7 முடிந்திருக்கிறது. இப்போது தள்ளி எடுத்தால் 76,000 கிடைக்கும். சீட்டை எடுக்கலாமா, கிரெடிட் கார்டு நல்லதா? நல்ல வளர்ப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தப் பத்தாயிரத்தை அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சீட்டுக் கணக்கு எளிது. கடைசி வரை பொறுத்திருந்தால், நடத்துபவரின் கமிஷன் ஐந்து சதவீதம் போக 95,000 ரூபாய் உங்கள் கைக்கு வரும். இன்று எடுத்தால் 76,000. வித்தியாசம் 19,000. குட்டிக்குக் கொடுத்தது போக மீதி 31,000 ரூபாயை வங்கியில் போட்டாலும், பாக்கி 13 மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வட்டி வரும். ஆக 45,000 ரூபாய்க் குட்டி வீட்டு வாசலை மிதிக்கும்போது 60,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். திடீர் மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம் என்றால் தள்ளி எடுப்பதில் தவறில்லை. அதற்காகத்தான் சீட்டுப் போடுகிறோம். நாய்க்குட்டி அந்தப் பட்டியலில் வராது.

கிரெடிட் கார்டு இதைவிட மோசம். இந்த மாதிரி விற்பனையாளர்கள் கார்டைத் தேய்க்க மாட்டார்கள். யுபிஐ அல்லது ரொக்கம்தான். நீங்கள் கார்டில் பணமாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பணமாக எடுத்தால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே கிடையாது. எடுத்த அன்றே ஒரு கட்டணம் விழும், அன்றிலிருந்தே வட்டியும் ஓடும். பல கார்டுகளில் அது ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும்.

ஆனால் 45,000 ரூபாயைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதே கொஞ்சம் வேடிக்கைதான். அது இந்த விவகாரத்தில் மிகச் சிறிய தொகை. சிறிய வகைப் பூடில் கலப்பு நாய் நன்றாக வளர்ந்தால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். நம் ஊர் விலையில் தோராயமாக ஒரு மாதக் கணக்குப் போட்டேன்: தீனி 2,200, முடி திருத்த ஆறு வாரத்துக்கு ஒருமுறை 1,500, அதாவது மாதத்துக்கு ஆயிரம், உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் 600, தடுப்பூசி, மருத்துவர் 500, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது யாரிடமாவது விட்டுப்போவது, ஷாம்பு, கயிறு வகையில் 700. கூட்டினால் 5,000. கடைக்குக் கடை இது மாறும் என்றாலும் பாதியாகக் குறையாது. பதின்மூன்று வருடத்துக்கு 7,80,000 ரூபாய், விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டால்.

இதில் முடிச் செலவை மட்டும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ‘முடி கொட்டாது’ என்றால் முடி உதிராது என்று பொருள் இல்லை. உதிர்ந்த முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். என் நண்பர் வீட்டில் ஒரு காக்கபூ இருக்கிறது. மேலே தடவினால் இலவம்பஞ்சு. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். முடி கம்பளி போலத் தடித்து, தோலோடு ஒட்டிக்கிடந்தது. அக்குளிலும் கழுத்துப்பட்டை படும் இடத்திலும் அப்படியே. தினமும் பத்து நிமிடம் உலோகச் சீப்பை அடித்தோல் வரை இறக்கி வாராவிட்டால், கடைசியில் மொத்தத்தையும் மழிப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கம்பளிக்குள் உண்ணி ஏறினால் கண்ணுக்கும் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை, ஊசி, குளுக்கோஸ் என்று ஒரே வாரத்தில் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு கரைந்துவிடும். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் மதிய வேளையில் அதற்கு மின்விசிறியாவது ஓட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

உங்களிடம் மிஞ்சுவது 6,500. நாய்க்கு 5,000 போனால் 1,500. அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்னும் 13 மாதத்தில் சீட்டு முடிகிறது, மாதம் 5,000 ரூபாய் விடுபடுகிறது. நாயின் மாதச் செலவும் அதே 5,000. உங்கள் வீட்டுக் கணக்கில் நாய்க்கு ஓர் இடம் தானாகவே வந்துகொண்டிருக்கிறது. அதை முன்கூட்டிப் பிடித்து இழுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதுவரை ஓர் ஒத்திகை பார்க்கலாம். வரும் மாதத்திலிருந்து, நாய் ஏற்கெனவே வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மாதம் 5,000 ரூபாயை வங்கியில் ஓராண்டு ஆர்.டி.யில் போடுங்கள். மிச்சம் 1,500 ரூபாயில் மாதத்தை ஓட்டிப் பாருங்கள். கல்யாண மொய், வண்டி பழுது, ஆடித் தள்ளுபடி எல்லாவற்றையும் தாண்டி பன்னிரண்டு தவணையும் தவறாமல் கட்டிவிட்டால் உங்களால் நாய் வளர்க்க முடியும். 60,000 ரூபாயும் சில்லறை வட்டியும் கையில் இருக்கும். குட்டி விலை அதிலேயே வந்துவிடும். நான்காவது மாதமே திணறினால் ஆர்.டி.யை முடித்துவிடலாம், கொஞ்சம் வட்டி குறையும். குட்டியை அப்படி முடிக்க முடியாது.

சீட்டுப் பணம் 95,000 வரும்போது அதில் 30,000 ரூபாயை நாயின் நோய்ச் செலவுக்கென்று தனியாக வையுங்கள். செல்லப்பிராணிக் காப்பீடு இப்போது கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது.

இனி வீசிங். இதுதான் முழுக் கேள்வியின் ஆணிவேர், நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல; நாயின் எச்சிலிலும் தோல் செதிளிலும் உள்ள புரதங்கள். எச்சில் இல்லாத நாய் ஏது? பூடில் கலப்பு மோகம் தொடங்கிய கதையே இதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிலையத்தில் இருந்த வாலி கான்ரான், ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்காக 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார்; அந்தப் பெண்மணியின் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒத்துக்கொண்டது ஒன்று மட்டும்தான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று; அதிலேயே மூன்றில் ஒன்று. இந்தக் கலப்பைத் தொடங்கிவைத்ததற்காகவே பிற்காலத்தில் அவர் வருத்தப்பட்டுப் பேசினார்.

ஆகவே ‘காக்கபூ’ என்ற பெயருக்கு நீங்கள் கொடுக்கும் காசு, ஒவ்வாமை வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. மகளைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவர் சரி என்றால், வளர்ந்த பூடில் கலப்பு நாய் இருக்கும் வீட்டுக்கு மகளை நாலைந்து முறை அழைத்துப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள். குட்டியிடம் பார்த்தால் போதாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்கினால் தீருமா என்று சிலர் கேட்பார்கள். நம் வெயிலைத் தாங்கும், முடித்திருத்தச் செலவும் இல்லை, ஆனால் எச்சில் அவற்றுக்கும் உண்டு. மருத்துவர் வேண்டாம் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஆர்.டி. பணத்தில் மகளுக்கு நல்லதாக ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்து வளர்ப்பாளர். எனக்கே ஒரு சூடு உண்டு. பல வருடங்களுக்கு முன் மகனுக்காக ஒரு லாப்ரடார் குட்டிக்கு முன்பணம் அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குப் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே, வண்டி விளக்கு வெளிச்சத்தில் அட்டைப் பெட்டியோடு கைமாற்றினார்கள். வயிறு கும்மென்று இருந்தது. நன்றாகச் சாப்பிட்ட குட்டி என்று மகிழ்ந்தேன். மறுநாள் கால்நடை மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ‘இது சாப்பாடு இல்லை, புழு’ என்றார். பிறகு தடுப்பூசி அட்டையை என் பக்கம் திருப்பினார். பிறந்த தேதிக்கும் முதல் ஊசித் தேதிக்கும் நடுவே பத்தொன்பது நாள். அந்த வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தியே ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. ஆறு வாரமாவது ஆக வேண்டும். ஆறாம் நாள் குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது. குட்டி 12,000, மருத்துவம் 14,000. மகன் அந்தக் கயிற்றை வெகு நாள் ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தான்.

அதனால் உங்கள் ஆள் சொன்னதில் எனக்கு உறுத்துவது காட்பாடி டெலிவரிதான். குட்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்பவர், நீங்கள் அவர் வீட்டுக்கு வருவதை விரும்பவில்லை. நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே, ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று. அந்த வரிசையில் தாய் இல்லாத குட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு இருநூறு சொச்சம் கிலோமீட்டர்தான். காலையில் ரயில் ஏறினால் இரவு திரும்பிவிடலாம். போய்த் தாயைப் பாருங்கள். குட்டிகள் அதனிடம் பால் குடிக்கின்றனவா, தாய் புது ஆளைக் கண்டு வாலாட்டுகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா, படுக்கும் இடத்தில் என்ன நாற்றம் என்று பாருங்கள். வீடியோவில் நாற்றம் வராது.

கே.சி.ஐ. சான்றிதழ் என்றது இன்னொரு நெருடல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கென்னல் கிளப் தூய இனங்களைத்தான் பதிவு செய்கிறது. காக்கபூ என்பது கலப்பு. அதற்கு அந்தச் சான்றிதழ் என்று சொல்பவர் ஒன்று அறியாதவர், அல்லது நீங்கள் அறியாதவர் என்று நினைக்கிறார். ஆனால் தாயான காக்கர் ஸ்பேனியலுக்கும் தகப்பனான பூடிலுக்கும் தனித்தனியே அந்தச் சான்றிதழ் இருக்கலாம். அதைக் கேளுங்கள். அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

உடல்நலச் சோதனையில் இரண்டை விடாதீர்கள். விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகி, பார்வை போகும் ஒரு பரம்பரை நோய் காக்கரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இரண்டு பெற்றோரும் அந்த மரபணுவைச் சுமந்தால் சில குட்டிகளுக்கு நோய் வரும். ஒன்றாவது சுத்தமாக இருந்தால் வராது. மரபணுப் பரிசோதனை அறிக்கை ஒரு தாள்தான். செய்தவர் எடுத்துக் காட்டுவார், செய்யாதவர் ‘எங்கள் நாய்க்கு அதெல்லாம் வந்ததே இல்லை’ என்பார். மற்றொன்று முழங்கால் சில்லு நழுவுவது, சிறிய பூடில்களில் சகஜம். மருத்துவர் கையால் தொட்டே சொல்லிவிடுவார். கலப்பு என்றாலே நோய் வராது என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் அந்தந்த மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டதுமே பலர் போனை வைத்துவிடுவார்கள், உங்களுக்கு வேலை மிச்சம்.

நல்லவர் உங்களையே குறுக்கு விசாரணை செய்வார்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், மாடியா தரைத்தளமா, பெண்ணுக்கு வீசிங் என்றால் ஏன் நாய்? உங்களால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் குட்டியைத் திரும்பத் தரச் சொல்வார், எழுதியும் கொடுப்பார். இப்போது குட்டி இல்லை, அடுத்த ஈற்றுக்குப் பெயர் எழுதி வைக்கிறேன் என்பார். அந்தக் காத்திருப்பு உங்கள் பதின்மூன்று மாதத்துக்குள் சரியாகப் பொருந்தும். கத்திரி வெயிலில் மட்டும் குட்டியை ஊர் மாற்றாதீர்கள்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் கணவர் பத்தாயிரத்தை அனுப்பிவிட்டிருந்தால், நேரில் வந்து தாயைப் பார்த்த பிறகே பாக்கி என்று எழுத்தில் செய்தி அனுப்புங்கள். ‘வண்டிக்கு ஐயாயிரம், ஊசிக்கு மூவாயிரம்’ என்று மேலும் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அன்றே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணையும், அவர் அனுப்பிய குட்டிப் படங்களையும் அழித்துவிடாதீர்கள்.